பேவர் பிளாக்கில் எண்ணெய்க் கறை... கழுவாதீர்கள், உறிஞ்சி எடுங்கள்!

எண்ணூர் சொல்லும் பாடமும், டிராக்டர் கொட்டகைக்கான எளிய வழிமுறைகளும்

டிராக்டர் கொட்டகை, ஆயில் இன்ஜின் மேடை, நெல் காயவைக்கும் களம், வீட்டு வாசல் என எங்கு பார்த்தாலும் இப்போது பேவர் பிளாக் கற்கள்தான். மழை பெய்த மறுநாளே சேறு மிதிக்காமல் வேலை பார்க்கலாம். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், டிராக்டரில் ஆயில் மாற்றும்போது அரை லிட்டர் சிந்தினால் போதும். அந்தக் கறுப்புத் திட்டு வருஷக்கணக்கில் கண்ணை உறுத்தும்.

‘எதை ஊற்றிக் கழுவினால் கறை போகும்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், ஆசிட், மண்ணெண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியமும் சொல்கிறார்கள். உண்மையில், எண்ணெய்க் கறைக்குக் கழுவுவது கடைசி வேலை. முதல் வேலை, உலர்ந்த பொருளைக் கொண்டு உறிஞ்சி எடுப்பது. கழுவித் தள்ளிய எண்ணெய் மறைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எண்ணூருக்குப் போகவேண்டும்.

எண்ணூரில் நடந்தது என்ன?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வட சென்னையில் துறைமுகமும், தொழிற்சாலைகளும், கன்டெய்னர் லாரிகளும், விசைப்படகுகளும் நெருக்கியடித்து இயங்குகின்றன. மெக்கானிக் ஷெட் வாசலிலும், லாரி நிற்கும் இடங்களிலும் எண்ணெய்த் திட்டு என்பது அன்றாடக் காட்சி. இந்தப் பகுதி மக்கள் கடந்த சில ஆண்டுகளில் இரண்டு பெரிய எண்ணெய்க் கசிவுகளைக் கண்டுவிட்டார்கள்.

முதலாவது, 2017 ஜனவரி 28 அதிகாலையில் நடந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கலந்த கனரக எண்ணெய் அலையோடு கரையேறி, எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கூழ்போலத் திரண்டு நின்றது. உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கெட்டியான குழம்பை இழுக்க முடியாமல் திணறின. கடைசியில் மீனவர்களும், மாணவர்களும், கடலோரக் காவல் படையினரும், தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றித்தான் அதை அகற்றினார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளின் இடுக்குகளில் புகுந்த எண்ணெயை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

இரண்டாவது, 2023 டிசம்பர் மாத மிக்ஜாம் புயலின்போது நடந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் மணலித் தொழிற்பகுதி வெள்ளத்தில் மிதந்தது. அந்த வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமான எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மணலியிலுள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

வெள்ளம் வடிந்தபோது, எண்ணெய் மட்டும் வடியவில்லை. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு. வாசலில், படியில், படகில், வலையில், அலையாத்தி மரங்களின் வேர்களில் எல்லாம் பிசுபிசுப்பு. இந்த முறையும் மீனவர்கள்தான் படகில் ஏறி, கையாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளி பேரல்களில் நிரப்பினார்கள்.

2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என 8 கோடியே 68 லட்ச ரூபாய் நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

‘ஆலையிலிருந்து வந்த எண்ணெய்க்கும் என் டிராக்டர் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். அளவில்தான் வித்தியாசம், பாதை ஒன்றுதான். மழைநீரும் கழுவிய நீரும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகின்றன. வாய்க்கால் குளத்துக்கோ ஆற்றுக்கோ போகிறது. ஒரு லிட்டர் எண்ணெய், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தண்ணீர் மேல் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடிவிடும். நம் கணக்கில் ஏறக்குறைய கால் ஏக்கர்! பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பேவர் பிளாக் எண்ணெயைக் குடிப்பது எப்படி?

வெளிப்பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும், பேவர் பிளாக் என்பது நுண்துளைகள் நிறைந்த கான்கிரீட்தான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 15658) கல்லின் நீர் உறிஞ்சும் அளவு சராசரியாக 6 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ‘6 சதவிகிதம் வரை உறிஞ்சும்’ என்றும் இதைப் படிக்கலாம். தரமில்லாத கல் இன்னும் அதிகமாகவே குடிக்கும்.

இதைவிட முக்கியமானது, கற்களுக்கு இடையே உள்ள இடுக்கு. அங்கே சிமென்ட் பூச்சு கிடையாது, மணல்தான். கல்லுக்கு அடியிலும் மணல் மெத்தை. சிந்திய எண்ணெயில் ஒரு பங்கு கல்லில் ஊறும், மறுபங்கு இடுக்கு வழியாக மணலுக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் இறங்கும். எர்ணாவூர்ப் பாறை இடுக்கில் நடந்ததுதான் நம் வாசலிலும் சிறிய அளவில் நடக்கிறது. ‘தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம், ஒரு வாரத்தில் கறை திரும்ப வந்துவிட்டது’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அடியில் தங்கிய எண்ணெய், வெயிலில் இளகி மேலே ஏறுகிறது.

எண்ணெயின் வகையையும் பார்க்கவேண்டும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், மீன் எண்ணெய் ஆகியவை காரத்தோடு சேர்ந்தால் சோப்பாக மாறும். அதனால், வாஷிங் சோடா போட்டாலே பெரும்பகுதி விட்டுவிடும். இன்ஜின் ஆயில், டீசல், கிரீஸ் எல்லாம் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள். இவை சோடாவுக்கு மசியாது. உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும்.

புதுக் கறை: முதல் ஒரு மணி நேரம்

1. கசிவை நிறுத்துங்கள். வண்டியை நகர்த்தும் முன் அடியில் ஒரு தட்டு வையுங்கள். டீசல் என்றால் பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

2. கரை கட்டுங்கள். சிந்திய இடத்தைச் சுற்றி மரத்தூள் அல்லது காய்ந்த மண்ணால் வரப்புபோல ஒரு வட்டம் போடுங்கள். வாய்க்கால், கிணறு, போர்வெல் இருக்கும் பக்கம் வரப்பு சற்று உயரமாக இருக்கட்டும். கழிமுகத்தில் எண்ணெய் பரவாமல் தடுக்க மிதவைத் தடுப்பு போடுவதும் இதே யோசனைதான்.

3. உறிஞ்சும் பொருளைக் கொட்டுங்கள். மரத்தூள், நன்கு காய்ந்த தென்னை நார்க்கழிவு, உமிச்சாம்பல், செங்கல் பொடி, களிமண் பொடி என இவற்றில் கிடைப்பது எதுவானாலும் சரி. உமியின் வெளித்தோல் வழுவழுப்பானது. அதனால், உமியைவிட உமிச்சாம்பல் நன்றாகக் குடிக்கும். ஆனால், கறுப்புச் சாம்பல் ஈரம் பட்டால் கல்லில் நிறம் விடும் என்பதால் உலர்ந்த நிலையில் மட்டும் பயன்படுத்துங்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும். தண்ணீர் குடித்த நார்க்கழிவில் எண்ணெய்க்கு இடமிருக்காது.

4. மெதுவாக மிதித்து அழுத்துங்கள். தேய்த்தால் கறை அகலமாகும். இரண்டு மணி நேரம் விட்டு, கூட்டி அள்ளுங்கள். புதுத் தூள் போட்டு, இரவு முழுக்க விடுங்கள். தூளில் நிறம் ஏறாத வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

5. பிறகுதான் சோப்பு. கெட்டியாகக் கரைத்த சோப்புத்தூளை ஊற்றி, தேங்காய் நார் பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்து, அந்த நுரையையும் மரத்தூள் போட்டே எடுத்துவிடுங்கள். ஹோஸ் பைப்பை எடுக்கவே வேண்டாம்.

பழைய கறை: பற்று போட்டு இழுக்கலாம்

மாதக்கணக்கில் ஊறிய கறைக்கு, வீக்கத்துக்குப் பற்று போடுவதுபோல் கல்லுக்கும் பற்றுதான் வைத்தியம்.

முல்தானி மட்டி 4 பங்கு, வாஷிங் சோடா 1 பங்கு எடுத்து, வெந்நீரும் சிறிது சோப்புக் கரைசலும் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். முல்தானி மட்டி, கம்பளியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்ட மண்வகை. நம் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணை வைத்து அழுக்கு எடுத்ததும் ஏறக்குறைய இந்தத் தத்துவம்தான். முல்தானி மட்டி கிடைக்காவிட்டால் சலித்த களிமண் பொடி போதும்.

கறையின் மேலும், அதைச் சுற்றி நான்கு விரல்கடை வரையிலும், ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பற்று போடுங்கள். பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பற்று முழுக்கக் காயட்டும். காயும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கும். காய்ந்ததும் மரச் சட்டத்தாலோ, கொத்தனார் கரண்டியாலோ சுரண்டி எடுங்கள். பழைய இன்ஜின் ஆயில் கறைக்கு மூன்று, நான்கு முறை போடவேண்டியிருக்கும். முழுக்க மறையாவிட்டாலும் கறுப்பு, வெளிர் சாம்பலாகும். வாஷிங் சோடா கையை அரிக்கும். ரப்பர் கையுறை அவசியம். முதலில் ஓர் ஓரக் கல்லில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதில் இறங்குங்கள்.

இதற்கும் மசியாத கல்லை எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பேவர் பிளாக்கின் பெரிய வசதியே அதுதான். இடுக்கு மணலைச் சுரண்டிவிட்டு, இரண்டு பக்கமும் தட்டைக் கம்பி கொடுத்து நெம்பினால் கல் வந்துவிடும். அடியிலுள்ள எண்ணெய் மணலை, வாடை இல்லாத மணல் வரும்வரை அள்ளிவிட்டுப் புது மணல் நிரப்புங்கள். ஒரே நிறத்தில் வார்த்த கல்லாக இருந்தால் திருப்பிப் போடலாம். மேலடுக்கில் மட்டும் நிறம் கொடுத்த கல் என்றால் புதுக் கல்தான். அதனால், களம் போடும்போதே பத்துப் பதினைந்து கற்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

ஆசிட்: கழிவறை ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, சிமென்ட்டைத்தான் கரைக்கும். கறை அப்படியே இருக்க, கல் சொரசொரப்பாகி அடுத்த கறையை இன்னும் அதிகமாகக் குடிக்கும். புளி, எலுமிச்சைக்கும் இது பொருந்தும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல்: கெட்டியான எண்ணெயை இளக்கிக் கல்லுக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிடும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பிளீச்சிங் பவுடர்: கிருமிக்கு நல்லது, எண்ணெய்க்குப் பயனில்லை. ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

அழுத்தத் தண்ணீர் பம்ப்: இடுக்கு மணலைப் பெயர்த்துவிடும், கற்கள் ஆட ஆரம்பிக்கும். எண்ணெயும் நேராக வாய்க்காலுக்குப் போகும்.

அள்ளிய தூளை என்ன செய்வது?

எண்ணெய் குடித்த தூளை அடுப்பில் போடக் கூடாது. பழைய இன்ஜின் ஆயிலில் இயந்திரத் தேய்மானத்திலிருந்து வந்த உலோகத் துகள்கள் இருக்கும். அதன் புகை நல்லதல்ல. குப்பைமேட்டிலும், எருக்குழியிலும் கொட்டக் கூடாது. மூடியுள்ள டின்னில் சேர்த்து வைத்து, பெயின்ட் டப்பா, பழைய பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளோடு உள்ளாட்சிப் பணியாளர்களிடம் தனியாகக் கொடுங்கள்.

திரவமாக வடித்த கழிவு ஆயிலைக் கேனில் பிடித்து, சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, கழிவு ஆயில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போகவேண்டும். அதில் தண்ணீரோ, பூச்சிக்கொல்லியோ கலக்காமல் இருந்தால்தான் திரும்பவும் பயன்படும் எண்ணெயாக மாற்ற முடியும்.

மண்ணில் இறங்கிய எண்ணெய்க்கு நுண்ணுயிரிகள்

2017 கசிவில் அள்ளிய எண்ணெய்க் கூழில் ஒரு பகுதியை, எண்ணெய் தின்னும் நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கும் வேலையை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு மேற்கொண்டது. புதுடெல்லியிலுள்ள ‘டெரி’ நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ என்ற பாக்டீரியாக் கலவையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மக்காச்சோளக் கதிர்த்தண்டுப் பொடியில் ஏற்றி, எண்ணெய் வயல்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் நம் மண்ணிலும் இயல்பாகவே உண்டு. காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து நான்கும் கிடைத்தால் அவை வேலை செய்யும். ஆயில் இன்ஜின் மேடை ஓரத்தில் டீசல் ஊறிய மண் இருந்தால், கிணற்றிலிருந்து தள்ளியுள்ள மேட்டில் பாலித்தீன் விரிப்பின் மேல் பரப்புங்கள். சரிபாதி மட்கிய தொழுவுரம் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழை நனைக்காமல் மூடி வையுங்கள். மாதங்கள் ஆகும், அவசரப்படக் கூடாது. இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகங்களைப் பாக்டீரியா தின்னாது. அதனால், அந்த மண்ணைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெள்ளத்தோடு எண்ணெய் வந்தால்...

வட சென்னை மக்களைப்போல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வாசலில் தங்கிவிட்டால், ஈரமாக இருக்கும்போது துடைப்பத்தால் தெருவுக்குத் தள்ளாதீர்கள். அது அடுத்த வீட்டுக்கோ, கால்வாய்க்கோதான் போகும். மேலே மிதப்பதை முறத்தால் அள்ளிப் பேரலில் சேருங்கள். மிச்சத்துக்கு மரத்தூள், பழைய கோணிப்பை, பஞ்சுத் துணி. வெறுங்கையால் தொடக் கூடாது. 2023-ல் எண்ணெய் அள்ளியவர்களுக்குத் தோல் எரிச்சலும், மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. கையுறை, பூட்ஸ், முகக்கவசம் இல்லாமல் குழந்தைகளையோ, கர்ப்பிணிகளையோ பக்கத்தில் விடாதீர்கள். சுத்தம் செய்யும் முன்பே சுவர், தரை, வண்டி, பம்ப்செட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு வரும்போது அதுதான் சாட்சி.

வாசகர் கேள்விகள்

‘நெல் காயவைக்கும் களத்தில் டீசல் சிந்திவிட்டது. எப்போது நெல் கொட்டலாம்?’

உறிஞ்சும் வேலையை முடித்த பிறகு, நல்ல வெயிலில் அந்த இடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, மேலே பலகை வைத்து, இரண்டு மணி நேரம் விடுங்கள். துணியில் கறையோ, வாடையோ ஏறினால் அந்தக் கற்களையும் அடிமணலையும் மாற்றுங்கள். ஏறாவிட்டாலும் அந்தப் பருவத்துக்குத் தார்ப்பாய் விரித்தே காயவையுங்கள். தானியம் வாடையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

‘பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் ஊற்றினால் கல்லிலுள்ள கறை போகுமா?’

போகாது. கல்லின் மேற்பரப்பு வெயிலில் உடனே காய்ந்துவிடும். நுண்ணுயிரிகள் அங்கே நிலைத்து வேலை செய்ய முடியாது. பஞ்சகவ்யாவிலுள்ள நெய் புதுப் பிசுக்கையும் சேர்க்கும். அவற்றைப் பயிருக்கே கொடுங்கள்.

‘கரையானுக்காக வேலிக்காலில் கழிவு ஆயில் பூசுகிறோம். தவறா?’

பல ஊர்களில் இருக்கும் பழக்கம்தான். ஆனால், மழை பெய்யப் பெய்ய அந்த எண்ணெயும், அதிலுள்ள உலோகங்களும் மண்ணுக்கு இறங்கும். மண்புழுவுக்காகப் பாடுபட்டுவிட்டு வேலியோரத்தில் கழிவு ஆயிலை ஊற்றுவதில் அர்த்தமில்லை. கல்கால் நடலாம், மரக்கால் என்றால் அடிப்பகுதியில் வேப்பெண்ணெய் பூசலாம்.

‘கிணற்று நீரில் எண்ணெய்போல் மினுமினுப்பு தெரிகிறது. கண்டுபிடிப்பது எப்படி?’

ஒரு வாளியில் எடுத்து, குச்சியால் அந்தப் படலத்தைக் கலையுங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச்சத்தில் வாழும் பாக்டீரியாவின் படலம். சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். வாடையும் சேர்ந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம். கொதிக்கவைத்தாலும் சரியாகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்ததையும் நினைவில் வையுங்கள்.

‘கறையே படாமல் இருக்க என்ன வழி?’

ஆயில் மாற்றும் இடத்தில் ஓரடி உயரத்தில் வெட்டிய பழைய பேரல் ஒன்றும், ஒரு மூட்டை காய்ந்த மரத்தூளும் எப்போதும் இருக்கட்டும். இன்ஜின் நிற்கும் இடத்தில் மட்டும் பேவர் பிளாக்குக்குப் பதில் இடுக்கில்லாத சிமென்ட் தளம் போட்டு, சுற்றிலும் மூன்று விரல்கடை உயரத்துக்குத் தடுப்புக் கட்டுங்கள். வாஷர், ஆயில் சீல் தேய்ந்தவுடன் மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு, ஒரு கிணறு கெட்டால் ஆகும் செலவில் ஒரு துளிகூட இல்லை.